பழவேற்காட்டில் ஒரு வார இறுதி: போகிறவர்களுக்குச் சில பொறுப்பான யோசனைகள்

சென்னைக்காரர்களுக்கு மாதம் ஒருமுறை தண்ணீர்ப் பைத்தியம் பிடிக்கும். குழாயில் வர வேண்டிய தண்ணீரைச் சொல்லவில்லை. கரையோரம் நின்று பெருமூச்சு விட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்கான தண்ணீர். மகாபலிபுரம் போனால் எதிர் ஃபிளாட்காரர் குடும்பத்தோடு அங்கே நிற்கிறார். புதுச்சேரியில் அறை வாடகையைக் கேட்டதும் வீட்டு நினைவு வந்துவிடுகிறது. மீதி இருப்பது வடக்கு. வடக்கே என்ன இருக்கிறது என்று தென்சென்னையில் பலருக்குத் தெரியாது. எண்ணூரோடு உலகம் முடிந்து, கொஞ்சம் புகைக்கு அப்பால் ஆந்திரா ஆரம்பித்துவிடுவதாகப் பரவலான நம்பிக்கை. பழவேற்காடு இத்தனை நாள் தப்பித்து வந்ததற்கு அந்த நம்பிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு.

ஊர் விவரம் சுருக்கமாக: திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒரு பக்கம் உப்பேரி, அதைத் தாண்டி மணல்திட்டு, அதையும் தாண்டி வங்காள விரிகுடா. டச்சுக்காரர் கல்லறை, இடிந்த கோட்டை, பூநாரை, நண்டு. அழகான சிற்றூர் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஊருக்கு இவ்வளவு போதும். இதற்குமேல் எதுவும் தெரிந்துகொள்ளாமல் போய்த் திரும்புவதுதான் கஷ்டம். பார்க்க வேண்டியதைப் பார்க்க யாருடைய உதவியும் தேவையில்லை; பார்க்கக் கூடாததைப் பார்க்காமல் வரத்தான் பயிற்சி வேண்டும். கீழே வரும் யோசனைகள் அதற்காகவே.

நாள் குறிப்பது

பஞ்சாங்கம் போதாது, இஸ்ரோ அறிவிப்பையும் பார்க்க வேண்டும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் போகின்றன. ஏவும் நாளில் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் போலீஸ் வழியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவதும் வழக்கம். ராக்கெட் ஒருநாள் தள்ளிப்போனால் தடையும் கூடவே தள்ளிப்போகும். உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறது. படகு வைத்திருப்பவருக்கு இரண்டு நாள் கூலி போகிறது. இதையெல்லாம் யோசிக்காமல், "இங்கிருந்தே ராக்கெட் தெரியுமாமே!" என்று வியப்பதுதான் முறை. தெரியும், நன்றாகவே தெரியும்.

காணும் பொங்கலன்று போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம். அன்று ஏரியும் தெரியாது, கடலும் தெரியாது, மனிதர்கள் மட்டும் தெரிவார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று அரசாங்கம் வைத்தது. அந்த நாட்களில் போய், "என்ன, வஞ்சிரமே கண்ணில் காணோம்?" என்று கோபித்துக்கொள்வது பயணிகளின் பழைய உரிமை. ஆனால் பூநாரைக்காகப் போகிறவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போக வேண்டும். நவம்பர், டிசம்பரில் புயல் வரும். அதுவும் பார்க்க வேண்டிய ஒன்றுதான், வீட்டு டிவியில்.

வழி

காரில் போகிறவர்களுக்கு இரண்டு சாலை. செங்குன்றம், காரனோடை வழியாக நெடுஞ்சாலையில் போய்த் தச்சூர் கூட்டு ரோட்டில் வலப்பக்கம் திரும்பிப் பொன்னேரியைப் பிடிப்பது ஒன்று. லாரி, சுங்கச்சாவடி, மறுபடியும் லாரி. இதில் சொல்ல எதுவுமில்லை.

மற்றது எண்ணூர் வழி. இந்த வழியில் போகிறவர்கள் மீஞ்சூர் தாண்டும்வரை கண்ணாடியை இறக்கக் கூடாது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு, வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், 2001இல் தொடங்கி இப்போது காமராஜர் பெயர் தாங்கிய துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எல்லாம் அடுத்தடுத்து வரும். நீங்கள் வீட்டில் போடும் ஏ.சி., நேற்று கூரியரில் வந்த பெட்டி, காரில் ஊற்றிய பெட்ரோல் எல்லாம் இந்தச் சாலையைத் தொட்டு வந்தவைதான். அதனால் அவற்றை நேரில் பார்ப்பது கொஞ்சம் சங்கடம். செப்பாக்கம் பக்கம் சாம்பல் குளத்தைப் பார்த்துப் பின்சீட்டுக் குழந்தை "அப்பா, அது என்ன பீச்சா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். நிலக்கரியை எரித்தபின் மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பிக் கொட்டும் இடம் என்று விளக்கப் போனால், "அது எங்கே போகும்?" என்று அடுத்த கேள்வி வரும். கொசஸ்தலையாற்றுக்குப் போகிறது, அங்கிருந்து எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகிறது என்று சொல்ல வேண்டியிருக்கும். வார இறுதியில் இவ்வளவு பேச்சு எதற்கு?

கண்டெய்னர் லாரியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றால் அது எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது, டிரைவர்களுக்கே தெரியாது. டிரைவர் ஒருவர் வண்டிக்கு அடியில் அடுப்புப் பற்றவைத்துச் சாதம் வடித்துக்கொண்டிருக்கிறார் என்றால், நீங்களும் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரிக்கலாம்.

ரயிலில் போவது மலிவு. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி அல்லது சூளூர்பேட்டை யூனிட் வண்டி ஏறினால் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று நின்று நின்று பொன்னேரி வந்துவிடும். மீஞ்சூரை வடகாஞ்சி என்பார்கள், ஏகாம்பரேசுவரர் கோயில் இருப்பதால். ரயிலில் சிரமம் என்னவென்றால், அதில் மனிதர்கள் இருப்பார்கள். காலை வண்டியில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். இரும்பு உருக்கும் ஆலை, கம்பி இழுக்கும் ஆலை, ரசாயனம், மருந்து. தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்களோடு பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்களும் கதவோரம் தொங்கிக்கொண்டு வருவார்கள். தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் கழுத்தில் கேமராவுமாக நீங்கள் உட்கார்ந்திருந்தால் பக்கத்துச் சீட்டுக்காரர் விசாரிக்காமல் விடமாட்டார்.

"எங்க சார் போறீங்க?"

"பழவேற்காடு."

"சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"இல்லை, சும்மா சுத்திப் பாக்க."

"ஞாயித்துக்கிழமை லீவா சார் உங்களுக்கு?"

இந்த இடத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட வேண்டும்.

பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ் பிடிக்கவும். பொன்னேரியைப் பார்க்க நேரம் ஒதுக்க வேண்டாம். அங்கே சித்திரை மாதத்தில் அகத்தீசுவரரும் திருஆயர்பாடிக் கரிகிருஷ்ணப் பெருமாளும் வீதியில் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்ளும் விழா உண்டு. அரியும் அரனும் கைகுலுக்கும் ஊரை யாரும் சுற்றுலாப் பட்டியலில் சேர்ப்பதில்லை, ஏரி இல்லாத குற்றத்துக்காக.

பூநாரை

பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. முதலிடம் ஒடிசாவின் சிலிகாவுக்கு. ஆனால் ஏரியில் ஆறில் ஒரு பங்குதான் தமிழ்நாட்டில், மீதியெல்லாம் ஆந்திரா. ஊர் பேர் நம்முடையது, தண்ணீர் அவர்களுடையது. 1980இல் நம் பங்கைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைகளுக்கு இந்த எல்லைக் கணக்கு ஏனோ புரிவதில்லை. ஆழம் குறைவாக, சேறு நிறைவாக எங்கே இருக்கிறதோ அங்கே நிற்கும். பெரும்பாலும் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு ஓர் அடி அப்பால்.

படத்தில் பார்த்த இளஞ்சிவப்பு நிறத்தை நம்பிப் போகிறவர்களுக்கு முன்னெச்சரிக்கை: இங்கே வரும் பெரிய பூநாரை நின்றுகொண்டிருக்கும்போது வெள்ளையாகத்தான் தெரியும். தூரத்தில் நூறு வேட்டிகளைக் காயப்போட்டது மாதிரி இருக்கும். சிறகை விரித்தால்தான் உள்ளே இருக்கும் சிவப்பு தெரியும். ஆகவே பல பயணிகள் கையைத் தட்டி, கூச்சல் போட்டு, கல்லெறிந்து அவற்றைக் கிளப்பிவிடுகிறார்கள். கட்ச் ராண் உப்புப் பாலையில் குஞ்சு பொரித்துவிட்டு, சேற்றுக்குள் தலையைக் கவிழ்த்து அலகால் இரையை வடிகட்டிச் சாப்பிடுவதற்காக இவ்வளவு தூரம் வந்த பறவை அது. பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிடுவது நம் விருந்தோம்பலுக்கு அழகா என்று கேட்கக் கூடாது. ரீல்ஸ் நன்றாக வரும்.

அந்தப் பறவை அங்கே நிற்பதற்கே காரணம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் தவிர்ப்பது எளிது, ஏனென்றால் அது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து ஏரியில் விடுகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது. உப்பும் நல்ல தண்ணீரும் எந்த அளவில் கலக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் பாசி, புழு, இறால் குஞ்சு, மீன் குஞ்சு எல்லாம். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் ஏரி நோயாளியாகிவிடும். அதைத் தூர்வாருங்கள், நிரந்தரமாகத் திறந்து வையுங்கள் என்று மீனவர்கள் வருஷக்கணக்கில் கேட்டு, போராடி, பிறகு அரசாங்கம் கல்லைக் கொட்டிச் சுவர் கட்டும் வேலையைக் கையில் எடுத்தது. நீங்கள் கரையில் நின்று "வாவ், எவ்வளவு அமைதி!" என்று சொல்லும் அந்தத் தண்ணீர், இத்தனை சண்டைக்கு நடுவில் அமைதியாக இருக்கிறது.

கல்லறையும் கோட்டையும்

இது புகைப்படக்காரர்களுக்கு மிகவும் பிடித்த இடம். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. மனிதன் சாவான் என்று உள்ளே வருகிறவர்களுக்கு நினைவூட்ட 17ஆம் நூற்றாண்டில் வைத்தது. இப்போது அவற்றின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம். உள்ளே கல்மூடிகளில் எழுத்தும் குலச்சின்னமும் கப்பலும் மிக நேர்த்தியான செதுக்கு வேலை. ஐந்து நிமிஷம் குனிந்து பார்த்தால் கல்லில் எழுதியிருக்கும் வயதுகள் கண்ணில் படும். பெரும்பாலும் இளவயது. காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்த வியாபாரிகளும் அவர்கள் மனைவிமாரும். குனியாதீர்கள்.

டச்சுக்காரர்கள்தான் இந்த ஊருக்கு வந்த முதல் வார இறுதிப் பயணிகள் என்று சொல்லலாம். கொஞ்சம் கூடுதலாகத் தங்கிவிட்டார்கள். 1610இல் விஜயநகரத்து வேங்கட ராயரிடம் அனுமதி வாங்கி, 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் இதுவாகத்தான் இருந்தது, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை. ஆங்கிலேயர் பிடித்து, திருப்பிக் கொடுத்து, மறுபடி பிடித்து, கடைசியில் 1825இல் ஒரேயடியாக வாங்கிக்கொண்டார்கள். இங்கே நெய்து வாங்கிய துணியைக் கொண்டுபோய் இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, அதற்குப் பதிலாக மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்கினார்கள். கோட்டையில் வெடிமருந்தும் தயாரித்தார்கள்.

இன்னொரு சரக்கும் இங்கிருந்து போனது. பஞ்சம் வந்த வருஷங்களில் பசியால் பிள்ளைகளையும் தங்களையும் விற்றவர்களைத் தரகர்கள் மூலம் வாங்கி, ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி, பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு அதற்கு ஜகார்த்தா என்று பெயர். நெல் விலை ஏறிய வருஷத்தில் ஆள் விலை இறங்கியது. கம்பெனியின் கணக்குப் புத்தகம் இதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. கப்பலில் செத்தவர்களுக்கும் அங்கே போய்ச் செத்தவர்களுக்கும் குலச்சின்னம் பொறித்த கல் எதுவும் கிடையாது. அதனால் நம் சுற்றுலாவில் அவர்களுக்கு நிறுத்தம் இல்லை.

கோட்டையைப் பார்ப்பது எப்படி? பார்க்க முடியாது. முள்ளுச்செடியும் மேடும் பள்ளமும்தான் இருக்கின்றன. மேட்டின் மேல் ஏறி நின்று, கையை இடுப்பில் வைத்து, "இங்கேதான் பீரங்கி இருந்திருக்கும்" என்று ஏதாவது ஒரு திசையைக் காட்டிச் சொல்லுங்கள். மறுத்துச் சொல்ல யாரும் இல்லை. ஆடு ஒன்று நின்று பார்க்கும், அவ்வளவுதான்.

மற்றவை: விஜயநகர காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில், செம்பாறாங்கல்லில் கட்டியது, விரலளவு ராமாயணச் சிற்பங்கள் உண்டு. அரபு வணிகர் வழிவந்த மரைக்காயர்களின் பள்ளிவாசல். தொழுகை நேரம் பார்க்கச் சூரியக் கடிகாரம் இருக்கிறது. போர்ச்சுகீசியர் காலத்து மகிமை மாதா கோயில், 1515 என்று சொல்வார்கள். ஒரு சின்ன ஊரில் நடந்தே பார்த்துவிடலாம். ஒருவர் சாமிக்கு ஒருவர் வழிசொல்லி அனுப்புகிறார்கள் என்பது நம் காலத்தில் தகவலாகக் குறித்துவைக்க வேண்டிய விஷயம்.

படகு

ஒரு பத்தி மட்டும் கிண்டல் இல்லாமல். கரையில் நின்றால் யாராவது ஒருவர் வந்து, "போட்ல ஒரு ரவுண்டு போலாமா சார், முகத்துவாரம் வரைக்கும்" என்று மெதுவாகக் கேட்கக்கூடும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, சுற்றிப் பார்க்க வந்த குடும்பங்கள் ஏறிய படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். மீன்பிடிப் படகு வலையையும் நாலைந்து ஆட்களையும் தாங்கக் கட்டியது. செல்பி எடுக்க ஒரே பக்கம் சாயும் இருபது பேரை அல்ல. ஏரி ஆழமில்லை என்று நினைப்பவர்கள் முகத்துவாரத்து நீரோட்டத்தைப் பார்த்ததில்லை. விபத்துக்குப் பிறகு பயணிகளை ஏற்றத் தடை போட்டார்கள். ஏறாதீர்கள். கேட்பவருக்கு வயிற்றுப்பாடு, இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அவரிடம் மீன் வாங்குங்கள்.

மீன்

இதற்குத்தான் வந்தீர்கள், மறைக்க வேண்டாம்.

ஏரி இறால், களிநண்டு, மடவை, கெளுத்தி, கிழங்கான், அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவா. விடிந்ததும் ஏலம் நடக்கும். அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்கள் ஊர்க்காரர்கள். பதினோரு மணிக்குக் காலை உணவு முடித்து வந்து சேருகிறவர்கள் நாம். அதற்குள் நல்ல நண்டெல்லாம் காலைக் கட்டிக் கூடையில் அடுக்கப்பட்டு, வியாபாரிகளின் தராசில் ஏறி, உயிரோடு சிங்கப்பூருக்குப் புறப்பட்டிருக்கும். "பழவேற்காட்டு நண்டு" என்று நீங்கள் ஆசையாகச் சாப்பிடுவது சிங்கப்பூர் வேண்டாம் என்று கழித்துப் போட்டது. ருசி குறைவு என்று அர்த்தமில்லை. அளவுதான் சின்னது.

இறால் விலையைக் கேட்டதும் அதிர்ச்சியடைவது மரபு.

"என்னக்கா, சிட்டியிலயே இதவிடக் கம்மியா கெடைக்குது."

"அப்ப சிட்டியிலயே வாங்கிருக்கலாமேப்பா. அறுவது கிலோமீட்டரு பெட்ரோல் ஊத்திக்கினு எதுக்கு இங்க வந்த?"

இதற்குப் பதில் சொல்ல இதுவரை யாராலும் முடிந்ததில்லை. சிட்டியில் கம்மியாகக் கிடைப்பது பண்ணை இறால், இது ஏரி இறால் என்று அவரே கொஞ்சம் பொறுத்துச் சொல்லிக்கொடுப்பார், கூறில் இருந்து ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டி. ஆனால் நீங்கள் அதற்குள் "சரி, ரெண்டு கூறு சேத்து எவ்வளவு?" என்று அடுத்த தவறான கேள்விக்குப் போயிருப்பீர்கள்.

அந்தக் கூறு எப்படி வந்தது என்று கேட்காமல் இருப்பதுதான் இந்தக் கையேட்டிலேயே கடினமான பயிற்சி. கேட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். எந்தக் குப்பத்தைச் சேர்ந்தவர் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் இறாலுக்கு வலை கட்டலாம் என்று இங்கே பரம்பரையாக ஒரு முறை உண்டு. பாடு என்பார்கள். நல்ல இடமும் மோசமான இடமும் சீட்டுக் குலுக்கி முறைவைத்து எல்லாருக்கும் சுற்றி வரும். இன்றைக்கு உங்களுக்கு முகத்துவாரம் பக்கத்து நல்ல இடம் என்றால் நாளைக்கு வேறொருவருக்கு. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து. கம்ப்யூட்டர் இல்லை, செயலி இல்லை, பல தலைமுறையாக நடக்கிறது. பொதுச்சொத்தை மக்கள் தாங்களே பங்கிட்டுப் பாதுகாக்க முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். பழவேற்காட்டில் அதைச் சீட்டுக் குலுக்கிச் செய்துகொண்டிருக்கிறார்கள். பாடு கிடைக்காத சாதிக்காரர்கள் இந்த முறையில் எங்கே நிற்கிறார்கள் என்பது வேறு கேள்வி. அதைப் பற்றி நீண்டநாள் சண்டையும் வழக்கும் உண்டு. எல்லாம் இனிமை என்று நான் சொல்ல வரவில்லை.

கரையோரச் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்துகொண்டு சில பெண்கள் கையாலேயே இறாலைத் தடவிப் பிடிப்பதைப் பார்க்கலாம். இருளர்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி, அதைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் சேற்றில் இருப்பதால். வலையும் இல்லை, படகும் இல்லை, பாடும் இல்லை. அவர்களைப் படம் எடுப்பவர்கள் கேட்டுவிட்டு எடுப்பதில்லை. வாயில் பறி இருப்பதால் அவர்கள் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

ஊரில் பனை ஓலைக் கூடை, பெட்டி பின்னும் பெண்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் முஸ்லிம் வீடுகளில். வண்ணம் ஏற்றிய ஓலை, கண்ணைப் பறிக்கும் வேலை. ஒன்று வாங்குங்கள். மீன் வாங்கிய கறுப்புப் பிளாஸ்டிக் பையை அதற்குள் வைத்து எடுத்துவருவது நம் பண்பாட்டு வழக்கம்.

ஊர்க்காரர்களிடம் பேசுவது

"நீங்க எல்லாம் ரொம்பக் குடுத்துவச்சவங்க. சொர்க்கத்துல இருக்கீங்க" என்பது பயணிகள் சொல்ல வேண்டிய வசனம். கேட்பவர் சிரிப்பார். அந்தச் சிரிப்போடு நகர்ந்துவிடுங்கள். நின்றால் ஆபத்து. பையன் எங்கே என்று கேட்டால் சிப்காட்டில் கான்ட்ராக்டில் இருக்கிறான் என்பார். ஏன் கடலுக்குப் போகவில்லை என்று கேட்டால் துறைமுகம் பற்றிப் பேச்சு வரும். 2018இல் அதானி குழுமம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை வாங்கியது. அதைப் பலமடங்கு விரிவாக்கும் திட்டத்தை இந்தக் குப்பங்கள் எதிர்த்து வருகின்றன. கடலுக்குள் கல் கொட்டி நீட்டினால் அதற்கு வடக்கே மணல் அரிக்கும், கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் மணல்திட்டு மெலிந்தால் ஏரியே கடலோடு போய்விடும் என்று அவர்கள் சொல்கிறார்கள். வேலை வரும், ஊர் வளரும் என்று அந்தப் பக்கம் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், கடற்கரை எந்தப் பக்கம் கரைகிறது என்று தினமும் காலையில் போய்ப் பார்க்கிறவர்கள் சொல்வதைத்தான் நம்புவேன். உங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டால், "வளர்ச்சியும் வேணும், இயற்கையும் வேணும்" என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுங்கள்.

ராக்கெட் தளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளப்பப்பட்டவர்களும் இந்தப் பக்கக் குப்பங்களில் குடியேறியிருக்கிறார்கள். சந்திரயானைப் பற்றிப் பெருமையாகப் பேச நினைப்பவர்கள், பேசுவதற்கு முன் எதிரில் இருக்கும் பெரியவர் எந்த ஊர் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக் கடற்கரைக்குப் போனால் கலங்கரை விளக்கம், மணல், வலை உலர்த்துகிறவர்கள், நாய்கள். குளிக்க வேண்டாம், அலை இழுக்கும். வலை மேல் நடக்க வேண்டாம். ஒரு வலையின் விலை தெரிந்தால் நீங்களே நடக்க மாட்டீர்கள்.

தங்குவது

வார இறுதி என்று பெயர் வைத்தாலும் இந்தச் சுற்றுலா சாயங்காலத்தோடு முடிந்துவிடும். பழவேற்காட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஓட்டல் அறைகள் கிடையாது. ஏரி பார்த்த பால்கனி, வரவேற்பு இளநீர், நீச்சல் குளம் என்று தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அந்த வசதிகள் வரும்போது மீன் இருக்குமா என்பது சந்தேகம். ஆகவே பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, பொன்னேரிக்குக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன யோசனைகளில் அப்படியே கடைப்பிடிக்க வேண்டியது இது ஒன்றுதான். படகில் ஏற வேண்டாம் என்றதையும் சேர்த்தால் இரண்டு.